மரணக் கணக்கும் தேவைக் கணக்கும்: புத்தளக் கரையோரமும் அனர்த்தச் செய்தியும்

1. வினா

தூரதேசமொன்றில் நிகழும் அனர்த்தத்தைப் பற்றி நாம் அறிவன யாவும் செய்தி ஸ்தாபனங்களின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. நமது கரையில் நிகழும் அனர்த்தத்தைப் பற்றிப் பிற தேசத்தார் அறிவனவும் அதே வழியாகவே அவர்களைச் சென்றடைகின்றன. நிவாரணப் பணமும் உணவும் மருந்தும் பெரும்பாலும் செய்தியின் பின்னாலேயே நடந்து வருவதால், எந்த அனர்த்தம் செய்தியாகிறது, எவ்விதமாகச் செய்தியாகிறது என்பது பத்திரிகைக்காரரின் தொழிற் பிரச்சினையோடு முடிந்துவிடும் விஷயமன்று. பசித்திருப்பவனின் வாசலுக்கு அரிசி வந்து சேருமா சேராதா என்பதோடு நேரே பிணைந்த விஷயம்.

அந்தப் பெரும் பிரச்சினையின் ஒரு கூற்றை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அனர்த்தச் செய்தி முதலில் எண்ணுவது மரணத்தை. நிவாரணத்துக்கு வேண்டியதோ தேவையின் கணக்கு. இவ்விரு கணக்குகளும் பொருந்திவரும் இடங்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் மாண்ட ஊரில் எஞ்சியோருக்கு எல்லாமே தேவைப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொருந்தாத இடங்களில் வாழ்வோரின் கதி என்ன என்பதே நமது வினா. இதனை ஆராய்வதற்கு, தெற்கில் மகா ஓயா முகத்துவாரம் தொடங்கி வடக்கில் வில்பத்து வனத்தின் ஓரம்வரை நீளும் புத்தள மாவட்டக் கரையோரத்தைக் காட்டிலும் தகுந்த இடம் அரிது. சிலாபத்தையும் வென்னப்புவவையும் சேர்ந்த கத்தோலிக்க மீனவரும், உடப்பின் இந்துக்களும், புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களும், இவர்களுக்கிடையே சிங்கள விவசாயிகளும் அடுத்தடுத்து வாழும் இந்தக் கரை, ஆழிப்பேரலை தேசத்தைச் சூறையாடிய நாளில் ஏறத்தாழத் தப்பிய கரை. பெரும் உயிர்ச்சேதமின்றியே வறட்சியிலும் வெள்ளத்திலும் மீண்டும் மீண்டும் தன் ஜீவனோபாயத்தை இழந்துவரும் கரை. மற்றொரு மாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு ஜனசமூகத்துக்கு இருபது வருஷங்களுக்கு மேலாக அடைக்கலம் கொடுத்த கரை.

2. இதுவரை ஆராய்ந்தோர்

வெளிநாட்டுச் செய்தியின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமிட்டவர்கள் ஒஸ்லோவைச் சேர்ந்த யொஹான் கால்டுங், மாரி ஹொல்ம்போ ரூகே என்னும் இருவர். கொங்கோ, கியூபா, சைப்பிரஸ் ஆகிய மூன்று நெருக்கடிகளை நோர்வேயின் நான்கு பத்திரிகைகள் எவ்வாறு வெளியிட்டன என்பதைப் பரிசோதித்து 1965-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, ஒரு சம்பவம் செய்தியாவதற்கு வேண்டிய லக்ஷணங்களை நிரல்படுத்தியது. வல்லரசு நாடுகளுக்கும் பிரமுகர்களுக்கும் கிடைக்கும் முன்னுரிமை, கலாசார நெருக்கம், எதிர்பாராத தன்மை ஆகியவற்றைப் பின்வந்தோர் பலரும் எடுத்தாண்டுள்ளனர். நமக்கு அவற்றிலும் முக்கியமானது அவர்கள் முதலாவதாகக் கூறியது: சம்பவம் நிகழ்ந்து முடிவதற்கு எடுக்கும் காலமும் பத்திரிகை வெளிவரும் கால இடைவெளியும் ஒத்துவர வேண்டும். பூமியதிர்ச்சி ஒரு தினத்துக்குள் அடங்கிவிடும். வறட்சி எந்தத் தினத்துக்குள்ளும் அடங்குவதில்லை. மழை பெய்யாத ஒரு செவ்வாய்க்கிழமையில், அதற்கு முந்திய திங்கட்கிழமையில் இல்லாத எதுவும் புதிதாக நிகழ்ந்திருக்காது.

அமெரிக்கரான வில்லியம் அடம்ஸ் 1986-இல் தம் நாட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளை அளந்து பார்த்தபோது, மாண்டோரின் தொகை விளக்கியதைவிட, அந்தத் தேசம் எவ்வளவு தொலைவிலுள்ளது, அங்கே அமெரிக்கப் பிரயாணிகள் எவ்வளவு பேர் சென்றுவருகின்றனர் என்பவையே ஒளிபரப்பு நேரத்தை அதிகம் விளக்கின என்று கண்டார். தோமஸ் ஐசென்சீ, டேவிட் ஸ்ட்ரொம்பர்க் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. 1968 முதல் 2002 வரை நிகழ்ந்த ஏறத்தாழ 5,000 அனர்த்தங்களை எடுத்துக்கொண்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் போன்ற வேறு பெருஞ் செய்திகள் நிரம்பிய நாட்களில் நேர்ந்தவற்றுக்கு அமெரிக்க அரசின் உதவி கிடைக்கும் சாத்தியம் குறைவதை அவர்கள் நிரூபித்தனர். எரிமலையினால் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பை உணவுப் பற்றாக்குறை பெறுவதற்கு ஏறத்தாழ 40,000 பேர் மாள வேண்டியிருக்கிறது என்ற அவர்களது கணிப்பு, இத்துறையில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படுவது. அது நியாயமே, இவ்வளவு கொடிய விகிதத்தை எந்த அரசாங்கமும் தன் நிவாரணச் சட்டத்தில் எழுதத் துணியாது.

ஆயினும் இந்த ஆய்வுகள் அனைத்தும் தூரத்திலிருந்து பார்ப்போரின் ஆய்வுகள். எந்த அனர்த்தம் திரையில் தோன்றுகிறது, எத்தனை நிமிஷம் தோன்றுகிறது என்பதை அவை அளக்கின்றன. திரையில் தோன்றியபின் பாதிக்கப்பட்டோரின் தேவை அங்கே சரியாகச் சொல்லப்பட்டதா என்பதை அவை அளப்பதில்லை. தோன்றாமற் போன இடத்தின் அனுபவமும் அவற்றின் பரப்பில் வருவதில்லை. ஷோன் மக்பிரைட் தலைமையில் யுனெஸ்கோ அமைத்த ஆணைக்குழு 1980-இல் சமர்ப்பித்த அறிக்கை, ஒருசில செய்தி முகவரகங்களின் கையில் உலகச் செய்தி அடங்கியிருப்பதைக் கண்டித்தது. அக்கண்டனம் இன்றும் செல்லும். ஆனால் அது தேசத்துக்கும் தேசத்துக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வையே பேசியது. ஒரே தேசத்துக்குள், தலைநகருக்கும் அதற்கு 130 கிலோமீற்றர் வடக்கேயுள்ள ஒரு கரைக்கும் இடையே அதே ஏற்றத்தாழ்வு அதே உருவத்தில் நிலவுவதைப் புத்தளம் நமக்குக் காட்டுகிறது.

3. அலை தொடாத கரை

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அலை, இலங்கையின் கிழக்கையும் தெற்கையும் நேரே தாக்கி, தெற்கு முனையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரையில் ஏறியது. தீவின் உடலே மறைப்பாக நின்றதால் வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல அதன் வேகம் தணிந்தது. இலங்கையில் இறந்தோரும் காணாமற் போனோருமாக ஏறத்தாழ 35,000 பேர் என்று கணக்கிடப்பட்ட அந்த அனர்த்தத்தில், புத்தள மாவட்டத்தின் உயிரிழப்பு ஒற்றை இலக்கத்தோடு நின்றது.

அன்றைய செய்திகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: அவை செய்த உபகாரம் அளவிறந்தது. ஆழிப்பேரலைக்குக் கிடைத்த சர்வதேச உதவி ஏறத்தாழ 1,400 கோடி டொலர். அதில் கணிசமான பங்கு, சாதாரண ஜனங்கள் தம் வீட்டில் அமர்ந்து காட்சியைக் கண்டு மனம் உருகிக் கொடுத்த பணம். பிலிப் பிரவுன், ஜெசிக்கா மின்டி என்போர் அமெரிக்க நன்கொடைகளை நாள்வாரியாக ஆராய்ந்து, மாலைச் செய்தியில் கூடிய ஒவ்வொரு நிமிஷமும் ஒரு நிவாரண நிறுவனத்துக்கு அன்று கிடைத்த நன்கொடையைச் சராசரி நாள் வரவின் 13 சதவீதமளவுக்கு உயர்த்தியதாகக் கணித்தனர். அலை எழுந்து இரண்டு வாரம் கடப்பதற்குள்ளேயே 'எல்லையற்ற மருத்துவர்கள்' அமைப்பு, இந்த அனர்த்தத்தின் பேரில் இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது. தன் வைத்தியப் பணிக்குப் போதுமானது வந்துவிட்டது என்பதே காரணம்.

அந்த வேண்டுகோளை அளவுகோலாக வைத்துக்கொண்டு பிற இடங்களைப் பார்க்கவேண்டும். ஆழிப்பேரலை நிவாரணத்தை மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டமைப்பு 2006-இல் வெளியிட்ட அறிக்கை, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஏறத்தாழ 7,100 டொலர் கிடைத்ததாகவும், அதே 2004-ஆம் ஆண்டின் பங்களாதேச வெள்ளத்தில் அகப்பட்ட ஒருவருக்கு 3 டொலரே கிடைத்ததாகவும் கணக்கிட்டது. அரசியல் நிர்ப்பந்தமும் ஊடகக் கவனமுமே பணத்தின் அளவைத் தீர்மானித்தன, தேவையின் அளவு தீர்மானிக்கவில்லை என்பது அந்த அறிக்கையின் முடிவுகளுள் ஒன்று. இலங்கைக்குள்ளேயும் நோக்கினால், பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அம்பாறையே மாவட்டங்களுள் மிகப் பெரிய இழப்பைக் கண்டது. ஆனால் கொழும்பில் வந்திறங்கிய வெளிநாட்டு நிருபர் சில மணி நேரத்தில் மோட்டார் வண்டியில் சென்று சேரக்கூடியது காலி வீதி. பெரலியவில் கவிழ்ந்த ரயிலும் அவ்வீதியோரத்திலேயே கிடந்தது. உலகத்தின் ஞாபகத்தில் இன்றும் இலங்கையின் ஆழிப்பேரலை என்றால் அந்த ரயில் நிற்பதற்கு, வீதியின் வசதியும் ஒரு காரணமென்பது என் அபிப்பிராயம்.

இனிப் புத்தளத்துக்கு வருவோம். அலை தொடாத இந்தக் கரையில் அன்று முகாம்களும் இருந்தன, அகதிகளும் இருந்தனர். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்திலேயே தங்கினர். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கியோரும் அவர்களுள் அடங்குவர். மணற்தரையில் கிடுகுக் கொட்டிலாகத் தொடங்கிய அந்த வாசஸ்தலங்களில், ஆழிப்பேரலை வந்த வருஷத்தில், பதினான்கு வயதுப் பிள்ளைகள் வேறு ஊரையே அறியாதவர்களாக இருந்தனர்.

யுத்தத்தால் வந்த இடப்பெயர்வை இயற்கை அனர்த்தத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. காரணம் வேறு, பொறுப்பாளி வேறு. அவ்விரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் வீடிழந்து, தொழிலிழந்து, பிறர் நிலத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் நாளாந்தத் தேவையில் பேதமில்லை. அந்தத் தேவைக்குக் கிடைத்த மதிப்பையே நாம் ஒப்பிடுகிறோம். யுத்தத்தால் இடம்பெயர்ந்த, ஐவரடங்கிய ஒரு குடும்பத்துக்கு உலர் உணவாக வழங்கப்பட்டது மாதம் 1,260 ரூபா பெறுமதி. விலைவாசி பல மடங்கு உயர்ந்தபின்னும் அத்தொகை மாறாமலே கிடந்தது. 2005-இல் அலையால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு வகுத்த படி, ஆளுக்கு வாரம் 375 ரூபா. ஐவருக்கு அது மாதம் ஏழாயிரத்தைந்நூறைத் தாண்டும். கிடைத்தவர்களுக்கு அது அதிகமென்று எவரும் சொல்லத் துணியமாட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு எந்தப் படியும் ஈடாகாது. சட்டத்தினாலன்றிக் கவனத்தினால் உண்டான இந்த வித்தியாசத்தைப் புத்தளத்து முகாம்வாசிகள் பத்திரிகையில் வாசித்தே அறிந்துகொண்டார்கள் என்பதை மட்டும் பதிவுசெய்ய வேண்டும். உலக வங்கியின் 3.2 கோடி டொலர் வீடமைப்புத் திட்டம் அவர்களுக்காக அங்கீகரிக்கப்பட்டது 2007-இல். வெளியேற்றம் நிகழ்ந்து அப்போது பதினேழாவது வருஷம்.

4. வெடிக்காத மணல்

வறட்சியைச் செய்தியாக்குவதற்கு உலகெங்கும் ஒரே படம் பயன்படுகிறது: நீர்வற்றிய குளத்தின் களிமண் தரை பாளம்பாளமாக வெடித்துக் கிடக்க, அதன்மேல் ஒரு கிழவரோ பசுவோ நிற்கும் படம். எத்தியோப்பியாவிலிருந்து வந்தாலும் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தாலும் அநுராதபுரத்திலிருந்து வந்தாலும் படத்தின் லக்ஷணம் ஒன்றே.

கற்பிட்டித் தீபகற்பத்தில் அந்தப் படத்தை எடுக்க முடியாது. கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் அந்நிலம் முழுவதும் மணல், மணல் வெடிப்பதில்லை. மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஆழமில்லாத கிணறுகளிலிருந்து அந்தப் படையை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன, குடிக்கவும் அதுவே. மழை பொய்த்தால் மேற்படை மெலியும், இறைப்பு நிற்காது, கீழேயுள்ள உப்பு மேலேறும். அப்போதும் கிணற்றில் நீர் நிறைந்தே தெரியும். வெளியூரிலிருந்து வரும் படப்பிடிப்பாளர் எட்டிப் பார்த்தால் தெளிந்த தண்ணீரைக் காண்பார். அந்தத் தண்ணீர் கரிக்கிறது என்பதை அறிய ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். வெங்காயத் தாளின் நுனி கருகுவதைக் குனிந்து பார்க்க வேண்டும். தேநீரில் பால் திரிவதைக் கண்டே பெண்கள் முதலில் தெரிந்துகொள்வார்கள். பிரதேச சபையின் பவுசர் எந்தக் கிழமை வரும் என்று விசாரித்து, வீதியோரத்தில் நீலப் பீப்பாய்களை வரிசைவைக்கும் காட்சி ஒன்றுதான் கமராவுக்கு அகப்படும். அதுவும் நகரத்துத் தண்ணீர்த் தடையின்போது எங்கும் காணும் காட்சியிலிருந்து வேறுபடாது.

2016-இன் மழை பொய்த்து 2017 வரை நீடித்த வறட்சியில், நாட்டின் உலர்வலயமெங்கும் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். புத்தளம் மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக உணவுத் திட்டமும் கூட்டாக நடத்திய மதிப்பீடு, 2017-இன் நெல் விளைச்சல் முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 40 சதவீதம் வீழ்ந்து 27 லக்ஷம் தொன்னாகும் என்று கணித்தது. அதே 2017 மே மாத இறுதியில் களுத்துறை, இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் விரைந்து வந்தன. உலகச் செய்தி முகவரகங்கள் நாள்தோறும் படங்களை அனுப்பின. அந்த வாரங்களில் இலங்கையில் தண்ணீர் மிகுந்துவிட்டது என்பதே வெளியுலகம் அறிந்த செய்தி. ஒரே தீவில், ஒரே மாதத்தில், வடமேற்கும் வடக்கும் தண்ணீரின்றித் தவித்ததை அறிந்தோர், நிவாரண நிறுவனங்களின் அறிக்கைகளைத் தேடி வாசித்தவர்கள் மாத்திரமே.

இவ்விடத்தில் அமர்த்தியா சென்னின் வாதத்தைப் பரிசீலிக்காமல் அப்பாற் செல்ல இயலாது. சுதந்திரமான பத்திரிகையுள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நிகழ்வதில்லை என்பது அவரது பிரசித்தமான முடிவு. 1943-இல் வங்கப் பஞ்சத்தின் புகைப்படங்களைக் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' வெளியிட்டபின்பே அரசாங்கம் அசைந்தது என்பது அதற்குச் சான்று. ஆயினும், ஜான் திரேஸுடன் சேர்ந்து 1989-இல் அவர் எழுதிய நூலே, பஞ்சத்தை விரைவில் அம்பலப்படுத்தும் இந்தியப் பத்திரிகைகள் நாட்பட்ட பட்டினியை அத்தனை ஊக்கத்தோடு எழுதுவதில்லை என்று ஒப்புக்கொள்கிறது. புத்தளத்து வறட்சி அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதில் ஒருவரும் வீதியில் வீழ்ந்து இறப்பதில்லை. நகை அடகுக்குப் போகிறது, பிள்ளையின் பிரத்தியேக வகுப்பு நிற்கிறது, மகன் வெளிநாட்டு வேலைக்கு முகவரைத் தேடுகிறான். 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கொரெம் முகாமிலிருந்து மைக்கல் பியூர்க் பி.பி.சி.க்கு அளித்த அறிக்கை உலகையே உலுக்கியது உண்மை. வறட்சியும் பெருஞ் செய்தியாகலாம் என்பதற்கு அதனை உதாரணம் காட்டுவோர், அந்த அறிக்கை பேசியது வறட்சியையல்ல, மடிந்துகொண்டிருந்த மனிதரையே என்பதைக் கவனிக்க வேண்டும். மழை பொய்த்து வெகு காலம் சென்றபின் எடுக்கப்பட்ட படம் அது.

5. 'டித்வா'

2025 நவம்பர் 28 அன்று கிழக்குக் கரையைக் கடந்த 'டித்வா' சூறாவளி அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில் உறக்கத்திலேயே புதைந்தோர் அவர்களுள் பலர். செய்தியின் கண் அங்கே சென்றது முற்றிலும் தகும். புத்தள மாவட்டம் அந்த நாட்களில் உலகச் செய்தியில் இரண்டு சம்பவங்களின் மூலமே பிரவேசித்தது. ஒன்று, மாவட்ட எல்லையான கலா ஓயாவின் பெருக்கில் அகப்பட்ட பஸ் வண்டியும், அதிலிருந்த அறுபதுக்கு மேற்பட்ட பிரயாணிகள் மீட்கப்பட்டதும். மற்றது, நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த விமானப்படை ஹெலிகொப்டர் லுணுவிலவில் வீழ்ந்து அதன் விமானி உயிர்நீத்தது. பிறருக்காக உயிர்கொடுத்த அவரை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

ஆனால் அவ்விரு சம்பவங்களுக்கும் இடையிலுள்ள நிலப்பரப்பில் நிகழ்ந்தது என்ன? தெதுறு ஓயா கரைபுரண்டு சிலாபத்தைச் சூழ்ந்தது. மலையகத்திலும் குருநாகலிலும் பெய்யும் மழையைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் ஆறுகளின் வாயில் இந்தக் கரை இருப்பதால், இங்கே மழை விட்டபின்னும் நீர் வந்துகொண்டேயிருக்கும். தாழ்நிலத்தில் வடிய மறுத்துத் தேங்கும். ஆராச்சிக்கட்டு, முந்தல் பகுதிகள் நாட்டின் இறால் வளர்ப்புக்கு உறைவிடமானவை. வரப்பை மீறி வெள்ளம் ஏறினால் இறால் களப்புக்குப் போய்விடும். நீர் வடிந்தபின் எடுக்கும் படத்திலோ அந்தப் பண்ணை, நிரம்பிய தடாகமாய், செழிப்பாகவே தோன்றும். கடன்பட்டு இறக்கிய குஞ்சு ஒன்றும் அதில் இல்லையென்பதைப் படம் சொல்லாது.

உலக வங்கி 2025 டிசம்பரில் வெளியிட்ட விரைவு மதிப்பீடு, தேசத்தின் நேரடிப் பௌதிகச் சேதத்தை ஏறத்தாழ 410 கோடி டொலர் என்று கணித்தது. மாவட்டவாரியான நிரலில் கண்டி முதலில் நிற்க, அதற்கடுத்து நிற்கும் மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. மரண நிரலில் கண்டி, பதுளை, நுவரெலியாவுக்குப் பின்னே நிற்கும் மாவட்டம் சேத நிரலில் முன்னே நிற்கிறது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதனினும் தெளிந்த பிரமாணத்தை நான் காணவில்லை. அந்த மதிப்பீடு வெளிவந்த வேளையில் வெளிநாட்டு நிருபர்கள் அநேகமாகத் திரும்பிவிட்டிருந்தனர். அதே நாட்களில் சுமாத்திராவிலும் தென் தாய்லாந்திலும் பெருவெள்ளம் நேர்ந்ததால், உலகின் கவனம் மூன்றாகவும் பிரிந்திருந்தது.

6. ஆட்சேபங்கள்

மரணத்தை முதலில் எண்ணுவதற்கு நிருபரிடம் சாதாரணமான ஒரு நியாயம் உண்டு. முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஓரளவேனும் உறுதிப்படுத்தக்கூடிய தொகை அதுவொன்றே. கிணறுகள் எத்தனை கெட்டன, எத்தனை குடும்பத்தின் வலை போயிற்று என்பவற்றைக் கிராம உத்தியோகத்தர் வீடுவீடாகச் சென்று எழுதி, பிரதேச செயலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மாவட்டச் செயலகத்தை அடையப் பல நாட்கள் செல்லும். இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். அது முதல் நாளுக்குப் பொருந்தும்; பத்தாவது நாளுக்குப் பொருந்தாது. பத்தாவது நாளில் கணக்கு வந்துவிடும். செய்தி அங்கே இருப்பதில்லை.

உயிரிழப்பு மிகுந்த இடத்துக்கு உதவி முதலில் செல்வதே தர்மம் என்பது இரண்டாவது ஆட்சேபம். மீட்புப் பணிக்கு அது முற்றிலும் சரி. தோணியும் ஹெலிகொப்டரும் உயிர் ஊசலாடும் இடத்துக்கே முதலில் போகவேண்டும். நிவாரணமும் புனர்வாழ்வும் வேறு காரியங்கள். அவை உயிரோடிருப்போருக்குரியவை. மீட்புப் பணியின் முறைவரிசையை மாதக்கணக்கில் நீளும் நிவாரணத்துக்கும் அப்படியே பயன்படுத்துவதில்தான் பிழை நிகழ்கிறது. 2010 ஜனவரியின் ஹெயிட்டி பூமியதிர்ச்சிக்கும் அதே வருஷத்துப் பாகிஸ்தான் வெள்ளத்துக்கும் கிடைத்த உதவியை ஒப்பிட்டோர் இதனையே கண்டனர்: பாகிஸ்தானில் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ இரண்டு கோடி, இறந்தோர் ஏறத்தாழ 2,000; பணம் மிக மெதுவாகவே வந்தது.

7. நமது பத்திரிகைகள்

வெளிநாட்டு ஊடகத்தைக் குறைகூறி நிறுத்திக்கொள்வது சுலபம். 1930-இல் தொடங்கிய 'வீரகேசரி'யும், 1932-இல் தொடங்கிய 'தினகரன்'உம், பின்வந்த தமிழ்த் தினசரிகளும் இந்தக் கரையின் வீடுகளில் தலைமுறைகளாக வாசிக்கப்படுபவை. வெளிநாட்டு அனர்த்தங்களை அவை பெரும்பாலும் முகவரகங்கள் அனுப்பும் வாசகத்திலிருந்தே பெறுகின்றன. ஆதலால், மியன்மாரின் நர்கிஸ் சூறாவளியையோ துருக்கியின் பூமியதிர்ச்சியையோ கற்பிட்டி வாசகர் அறிந்துகொள்வதும், லண்டன் வாசகர் அறிந்துகொள்ளும் அதே வரிசையில்தான்: இறந்தோர், காணாமற்போனோர், மீட்கப்பட்ட குழந்தை, உதவி அறிவித்த நாடுகள். மீனவ வாசகருக்கு நியாயமாக எழும் வினாக்களுக்கு, அதாவது ஐராவதி முகத்துவாரத்து மீனவருக்குப் படகு மீண்டும் கிடைத்ததா, வலைக்குக் கடன் கொடுத்தவர் யார், அவ்வருஷப் பருவம் தவறிவிட்டதா என்பவற்றுக்கு, அந்த வரிசையில் இடமில்லை.

உள்ளூர்ச் செய்தியிலும் அதே வரிசை பின்பற்றப்படுவதே எனக்குக் கவலை தருகிறது. பிரதேச நிருபர்களுள் பெரும்பாலோர் மாதச் சம்பளமின்றி, பிரசுரமாகும் செய்திக்கு ஏற்பச் சன்மானம் பெறுபவர்கள்; பிரசுரமாகக்கூடியது எதுவென்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். பிரமுகர் ஒருவர் உலர் உணவுப் பொதி வழங்கும் புகைப்படம் நிச்சயமாகப் பிரசுரமாகும். அந்தப் பொதியில் அரிசியும் பருப்பும் இருந்தன, அதனைச் சமைக்க நன்னீர் இருக்கவில்லை என்ற செய்தி பிரசுரமாகுமா என்பது சந்தேகம். வெள்ளத்துக்குப்பின் மலக்குழியும் கிணறும் ஒன்றாகிப்போன ஒரு மணற் கிராமத்துக்கு உடனே தேவைப்படுவது நீரிறைக்கும் இயந்திரமும் குளோரினும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும். மீனவக் குடும்பத்துக்கு வேண்டுவது வாடைக் காலம் முடிவதற்குள் வலை. இறால் பண்ணையாளருக்கு வேண்டுவது கடன் தவணைக்கு அவகாசம். இம்மூன்றையும் ஒரே பொதிக்குள் கட்ட இயலாது. 'நிவாரணம் வழங்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியத்துக்குள்ளும் அடக்க இயலாது.

தேவையைச் செய்தியாக எழுதுவதற்குப் புதிய மார்க்கம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எத்தனை குடும்பம், என்ன பொருள், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தேதி தவறினால் விளைவு என்ன, பொறுப்பான அலுவலகம் எது என்பவற்றைக் கேட்டு எழுதி, பதினைந்து நாட்களுக்குப்பின் அதே வீட்டுக்குத் திரும்பிச் சென்று கேட்டு மறுபடியும் எழுதினால் போதும். 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அமைந்த நிலையமும் அதன் மாவட்டப் பிரிவும் எண்ணிக்கைகளை வெளியிட்டே வருகின்றன. பாதிக்கப்பட்டோர் தொகை என்ற ஒரு கட்டத்துக்குள் அடங்கும் பல்வேறு இழப்புகளைப் பிரித்துக் காட்டுவது பத்திரிகையின் வேலை.

கற்பிட்டியைப் பொறுத்தவரை இதனை நாளைக்கே தொடங்கலாம். மழைவீழ்ச்சியை மில்லிமீற்றரிலும், மழைக்காலத்தில் ஆற்று நீர்மட்டத்தை மீற்றரிலும் தினசரிகள் வெளியிடுகின்றன; கிணற்று நீரின் உவரை எவரும் வெளியிடுவதில்லை. அதனை அளக்கும் கருவி கைக்குள் அடங்குவது. விஞ்ஞானம் பயிலும் பாடசாலை மாணவர் எவரும் அதனை வாசிக்கலாம். ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும் மாம்புரியிலும் கண்டக்குழியிலும் சில கிணறுகளைத் தெரிந்து, கிழமைக்கு ஒரு முறை அளந்து, சென்ற கிழமையின் எண்ணையும் சென்ற வருஷத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பிரசுரித்தால், பவுசர் வீதிக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே அந்த எண் உயரத் தொடங்குவதைப் பிரதேச செயலகமும் கொழும்பும் பத்திரிகையிலேயே காணலாம்.